சிம்மை ஒடச்சுப் போட்டா விட்டுடுவாங்களா மேடம்?

வக்கீல்ங்கற முறையில எனக்கு இந்த வாரம் வந்த லெட்டர் கே.வி.குப்பம் பக்கத்துல ஒரு கிராமத்துலருந்து. அடையாளம் தெரியற மாதிரி இருந்ததெல்லாம் எடுத்துட்டேன். எழுதினவருக்கு 29 வயசு, ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனில சூப்பர்வைசர், பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்றது 19,500. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், அப்பா அம்மாவும் கூடவே இருக்காங்க. போன ஆடி ஆஃபர்ல வேலூர் வந்து ஒரு ஷோரூம்ல 41,999 ரூபா ஃபோன் எடுத்திருக்கார், 7,000 முன்பணம், மீதி 18 மாச இஎம்ஐ, அதுவும் "நோ காஸ்ட்". அதே கவுன்டர்ல நின்ன பையன், "அண்ணா, இந்த மாதிரி ஃபோனுக்கு போஸ்ட்பெய்டு போட்டாதாண்ணா கரெக்ட்டு, ஃபேமிலி பிளான், ரெண்டு சிம்மு, மாசம் 150 தள்ளுபடி, ஆனா ஒரு வருஷம் ஓட்டணும், நடுவுல விட்டா மூவாயிரம் கட்டணும்ணா"ன்னு சொல்லி, இவர் நம்பரையும் அம்மா நம்பரையும் போஸ்ட்பெய்டுக்கு மாத்தி விட்டுட்டான். அம்மா கையில இருக்கறது பட்டன் ஃபோன்.

இப்ப ஏழு இஎம்ஐ முடிஞ்சிருக்கு. மாசம் 2,196 இஎம்ஐ, 1,176 போஸ்ட்பெய்டு பில்லு. வீட்டுக்குள்ள டவரே எடுக்கல, மாடியில தண்ணி டேங்கை ஒட்டி நின்னாதான் பேச முடியுதாம். போன மாசம் ஒரு இஎம்ஐ பவுன்ஸ் ஆகி, ரெண்டு நாள் கழிச்சு கட்டியும், நடுவுல ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தன் இவங்க நைனாவுக்கே போன் போட்டு "உம் புள்ள கடன் வாங்கிட்டு ஏமாத்திக்கினு திரியறான்"னு கத்தியிருக்கான்.

அவரு எழுதினதுலருந்து நாலு வரி அப்படியே தர்றேன்: "கூட வேலை செய்யற பையன் சொல்றான், சிம்மை ஒடச்சுப் போட்டுடு மச்சான், ஃபோனை கடையிலயே குடுத்துடு, எவன் வந்து கேக்கப் போறான்னு. என் மனைவி சொல்றா, என் செயினை வச்சு மொத்தமா அடைச்சிடலாம்னு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல மேடம். இந்த கான்ட்ராக்ட்லருந்து பாதியில வெளிய வரலாமா கூடாதா, வந்தா போலீஸ் கேஸ் ஆகுமா?"

தம்பி, முதல்ல கடைசி கேள்விக்கு பதில் சொல்லிடறேன், அப்பதான் மத்தது காதுல ஏறும். பில்லு கட்ட முடியலன்னா, இஎம்ஐ கட்ட முடியலன்னா, அது சிவில் விஷயம், போலீஸ் வீட்டுக்கு வந்து இழுத்துட்டு போற விஷயம் இல்ல. ஆனா "எவன் வந்து கேக்கப் போறான்"ங்கறதும் சரி கிடையாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, உங்க நண்பருக்கு அது தெரியல. அதுக்கு கீழ வர்றேன்.

வேலூரைப் பத்தி பழைய கிண்டல் ஒண்ணு உண்டு இல்லயா, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. சாமி 1981லயே திரும்பி வந்துட்டார், அது வேற கதை. உங்க லெட்டரை படிக்கறப்ப எனக்கு அந்த லிஸ்ட்ல இன்னொண்ணு சேத்துக்கலாம்னு தோணுச்சு, கான்ட்ராக்ட் இல்லாத கான்ட்ராக்ட். ஏன்னா நீங்க பக்கத்துக்கு பக்கம் "கான்ட்ராக்ட் கான்ட்ராக்ட்"னு எழுதியிருக்கீங்க, நான் நீங்க அனுப்பின பில்லு, வெல்கம் மெயில், லோன் பேப்பர் மூணையும் வச்சு பாத்தா எல்லாம் சேந்த அப்படி ஒரே ஒப்பந்தம்னு ஒண்ணு இல்ல. இருக்கறது மூணு தனித்தனி ஒப்பந்தம். சிம்முக்கு ஃபோன் கம்பெனியோட ஒண்ணு, கடனுக்கு ஃபைனான்ஸ் கம்பெனியோட ஒண்ணு, அந்த "ப்ரொடெக்‌ஷன் பிளான்"னு ஒரு அட்டை குடுத்தாங்களே அதுக்கு மூணாவது ஒருத்தனோட ஒண்ணு. ஒரே கவுன்டர்ல ஒரே பையன் அஞ்சே நிமிஷத்துல முடிச்சதால உங்களுக்கு எல்லாம் ஒரே முடிச்சா தெரியுது. ஒவ்வொண்ணுலருந்தும் வெளிய வர்ற வழி வேற, செலவும் வேற.

சிம்முக்கு பூட்டே இல்ல

உங்களை அதிகமா பயமுறுத்தறது இதுதான், ஆனா இதுதான் இருக்கறதுலயே சுலபமானது. உங்க வெல்கம் மெயிலை நான் ரெண்டு தடவ படிச்சேன். அதுல எழுதியிருக்கறது என்னன்னா 12 மாசத்துக்கு மாசாமாசம் 150 ரூபா தள்ளுபடி, நடுவுல பிளான் மாத்தினாலோ நம்பரை எடுத்துட்டு போனாலோ மீதி மாசத்துக்கு தள்ளுபடி கிடையாது. அவ்ளோதான். மூவாயிரம்ங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. அது அந்த பையன் வாயிலருந்து வந்தது, அவனுக்கு டார்கெட் இருக்கு, அவனை குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல. இன்னும் அஞ்சு மாசம் பாக்கி, அஞ்சு நூத்தம்பது எழுநூத்தம்பது, அந்த தள்ளுபடி உங்களுக்கு போகும். போகட்டும்.

ஃபோன் கம்பெனிகளுக்கு விதி போடற அமைப்பான ட்ராய் ரொம்ப வருஷமாவே சொல்றது, ஒரு பிளான்ல சேத்துக்கிட்டா கம்பெனி அந்த பிளானை ஆறு மாசத்துக்கு உங்களுக்கு பாதகமா மாத்தக் கூடாது, ஆனா நீங்க அந்த ஆறு மாசத்துக்குள்ளயே வேற பிளானுக்கு போகலாம். அதாவது கட்டுப்பாடு கம்பெனிக்கு, உங்களுக்கு இல்ல. ஜனங்க இதை தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க.

நான் சொல்றதை நம்பலன்னா பெருசா காசு செலவில்லாம ஒரு டெஸ்ட் இருக்கு. அதே நம்பரோட வேற கம்பெனிக்கு மாறறதுக்கு பேரு போர்ட், அதை PORTனு இங்கிலீஷ்ல டைப் பண்ணி, ஒரு ஸ்பேஸ் விட்டு உங்க நம்பரை போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. 2019 டிசம்பர்லருந்து இது எப்படி வேலை செய்யுதுன்னா, நம்பரை மாத்த தகுதி இருக்கா இல்லயான்னு அங்கயே உங்க பழைய கம்பெனிகிட்ட கேட்டு பாத்துட்டுதான் மாறறதுக்கான ரகசிய கோடு (code) குடுப்பாங்க. பில்லு பாக்கி இருக்கா, இந்த கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆச்சா, வெளிய போறப்ப நிறைவேத்த வேண்டிய ஒப்பந்த நிபந்தனை எதுவும் பாக்கி இருக்கா, இதெல்லாம் அதுல சேத்தி. எட்டு எழுத்து கோடு வந்துடுச்சுன்னா பூட்டு இல்லன்னு அர்த்தம், வரலன்னா ஏன் வரலன்னு காரணமே மெசேஜ்ல வரும். கோடு நாலு நாளைக்கு செல்லும், நீங்க ஒண்ணும் பண்ணலன்னா தானா காலாவதி ஆயிடும், ஒரு நஷ்டமும் இல்ல. அந்த கடை பையன் சொன்னது நிஜமான்னு கண்டுபிடிக்க இதைவிட சுலபமான வழி எனக்கு தெரியாது.

சரி, ஒரு பேச்சுக்கு அப்படி ஒரு மூவாயிரம் எழுத்துலயே இருக்குன்னு வச்சுக்கோங்க, இதை படிக்கற வேற யாருக்காவது இருக்கலாம், ஃபேன்சி நம்பர் வாங்கினவங்க, ஃபோனும் பிளானும் ஒண்ணா சேத்து எடுத்தவங்க. அப்பவும் எழுதின தொகை அப்படியே கட்டித்தான் ஆகணும்னு சட்டம் சொல்லல. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒப்பந்தத்துல அபராதம்னு ஒரு தொகை போட்டிருந்தா அது உச்ச வரம்புதான், அதுக்குள்ள நியாயமான நஷ்டஈடு மட்டும்தான் வாங்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போய், நஷ்டத்துக்கு சம்பந்தமே இல்லாத பெரிய அபராதம் போடற ஒப்பந்தத்துக்கு "நியாயமற்ற ஒப்பந்தம்"னே பேர் வச்சிருக்கு. ஆனா அந்த மாதிரி ஒப்பந்தமே செல்லாதுன்னு கேக்கணும்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல முடியாது, மாநில கமிஷனுக்கு போகணும், மூவாயிரத்துக்கு சென்னை வரைக்கும் யாரு அலையறது. அப்ப பேசித்தான் குறைக்கணும், எழுத்துல கேட்டா நிறைய பேர் குறைக்கறாங்க.

இப்ப உங்க பில்லுக்கு வர்றேன். டீ கிளாஸ் வட்டம் பதிஞ்ச அந்த பில்லு போட்டோவை பெருசு பண்ணி ஒவ்வொரு வரியா பாத்தேன். வாடகை 999, தள்ளுபடி 150 போக 849. அதுக்கு கீழ சின்ன எழுத்துல 99க்கு ஒண்ணு, 49க்கு ஒண்ணு. ஒண்ணு ஏதோ கேம்ஸ் பேக், இன்னொண்ணு காலர் ட்யூன். எல்லாம் சேத்து 997, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 179.46, மொத்தம் 1,176.46. தம்பி, அந்த 49 ரூபா காலர் ட்யூன் உங்க நம்பர்ல இல்ல, உங்க அம்மா நம்பர்ல இருக்கு! அவங்க எதையோ அமுக்கியிருக்காங்க, இல்ல யாரோ அமுக்க வச்சிருக்காங்க. இந்த மாதிரி சேவையை நிறுத்தறதுக்கு 155223ன்னு கட்டணமில்லாத பொது நம்பர் இருக்கு, அந்தந்த சிம்லருந்து கூப்பிட்டு ரெண்டையும் இன்னிக்கே நிறுத்துங்க. கேக்காம போட்டிருந்தா கஸ்டமர் கேர்ல 198க்கு அடிச்சு பணத்தை திருப்பி கேளுங்க, கேட்டதுக்கு புகார் நம்பர் வாங்கி வச்சுக்கோங்க.

எனக்கு இதெல்லாம் படிச்சு தெரிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பல வருஷத்துக்கு முன்னாடி நானே ஒரு டேட்டா கார்டு வாங்கி, ஆஃபீஸ்ல வேற லைன் வந்தப்புறமும் அதை ட்ராயர்ல போட்டு வச்சுட்டு பதினாலு மாசம் வாடகை கட்டினேன். கான்ட்ராக்ட் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு. இருந்துதான்னு ஒரு தடவகூட எடுத்து பாக்கல, வக்கீலா இருந்துக்கிட்டு.

அப்ப சிம்மை என்ன பண்ணலாம்? வெறும் பில்லு ஜாஸ்தின்னா அதே கம்பெனில ப்ரீபெய்டுக்கு மாத்திக்கிட்டா போதும், 2021லருந்து அது ஓடிபி வச்சே முடியுது. ஆனா உங்களுக்கு டவரே எடுக்கலயே, அதனால வேற கம்பெனிக்கு போர்ட் பண்றதுதான் சரி. எந்த கம்பெனின்னு விளம்பரம் பாத்து முடிவு பண்ணாதீங்க. இப்ப எல்லா கம்பெனியும் அவங்க வெப்சைட்ல கவரேஜ் மேப் போட்டாகணும், அதுல உங்க ஊரை பாருங்க, அதைவிட முக்கியம் உங்க தெருவுல வீட்டுக்குள்ள உக்காந்து பேசறவங்க என்ன சிம் வச்சிருக்காங்கன்னு கேளுங்க. மேப்ல பச்சையா இருக்கும், உங்க வீட்டு சுவத்துக்குள்ள வராது.

கணக்கு இப்படி வருது. ப்ரீபெய்டு 28 நாள் பேக்கு 350 ரூபான்னு வச்சா வருஷத்துக்கு 12 தடவ இல்ல, 13 தடவ போடணும், இதை மறந்துடாதீங்க. மாசக் கணக்கே வேணும்னா 30 நாள் பேக்கும் ஒவ்வொரு மாசமும் ஒரே தேதியில புதுப்பிக்கற பேக்கும் எல்லா கம்பெனியும் வச்சிருக்கணும்னு 2022 ஜனவரில ட்ராய் உத்தரவு போட்டிருக்கு, கடையில காட்ட மாட்டாங்க, கேட்டு வாங்கணும். அம்மாவுக்கு நெட்டே வேணாம், பட்டன் ஃபோனுக்கு எதுக்கு தினம் ரெண்டு ஜிபி? 2024 டிசம்பர்ல போட்ட உத்தரவுக்கு அப்புறம் வெறும் காலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற பேக்கு வந்திருக்கு, 84 நாளைக்கு ஐநூறு ரூபாய்க்குள்ள கிடைக்குது. ரெண்டு நம்பருக்கும் சேத்து மாசம் 560, 580க்கு மேல போகாது. இப்ப கட்டறதுல பாதி.

சிம்மை ஒடைக்கற ஐடியா மட்டும் வேணவே வேணாம். ஒடச்சா பில்லு நிக்காது, வாடகை மாசாமாசம் ஏறிக்கிட்டே இருக்கும், அப்புறம் வசூல் ஏஜென்சிக்கு போகும். அதைவிட பெரிய தலைவலி நம்பர். கட் ஆகி 90 நாள் ஆச்சுன்னா அந்த நம்பர் வேற யாருக்கோ போகலாம். உங்க பேங்கு, ஆதாரு, ஜிபே, பிஎஃப் எல்லாம் அதுல இருக்கு. அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபா வந்துச்சுன்னு மெசேஜ் வர்றது எந்த நம்பருக்கு? அதை ஒடைக்கலாமா?

ஃபோன் கடனை பாதியில விடலாமா

இங்க நீங்க ஒண்ணை தப்பா புரிஞ்சு வச்சிருக்கீங்க. ஃபோனை கடையில திருப்பி குடுத்தா கடன் முடிஞ்சுடும்னு. கடைக்காரருக்கு உங்ககிட்ட பாக்கியே இல்ல. நீங்க ஃபோனை எடுத்துட்டு படி இறங்கறதுக்குள்ள ஃபைனான்ஸ் கம்பெனி அவருக்கு பணத்தை செட்டில் பண்ணிடுச்சு. உங்க கடன் ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட. ஃபோனை குடுத்துட்டு வந்தீங்கன்னா ஃபோனும் போய் கடனும் இருக்கும், அவ்ளோதான். "நான் கையெழுத்தே போடலயே மேடம்"னு எழுதியிருக்கீங்க, ஓடிபி சொன்னீங்க இல்ல, அதுதான் கையெழுத்து. எலக்ட்ரானிக் முறையில போட்ட ஒப்பந்தம் செல்லும்னு ஐடி சட்டத்துல தெளிவா இருக்கு.

இஎம்ஐ 1,944தான் வரணும், ஏன் 2,196 வருதுன்னு கேட்டீங்களே, நல்ல கேள்வி, ஏழு மாசம் லேட்டா கேட்டிருக்கீங்க. 41,999ல 7,000 போனா 34,999. அதோட ப்ரொடெக்‌ஷன் பிளான் 3,999, ஏதோ மெம்பர்ஷிப் கார்டு 530. மொத்தம் 39,528, அதை 18ஆல வகுத்தா 2,196. கணக்குல தப்பில்ல, கேக்காம சேத்ததுதான் தப்பு. 2024 அக்டோபர்லருந்து குடுக்கற கடனுக்கெல்லாம் "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்"னு ஒரு தாள் குடுக்கணும்னு ஆர்பிஐ சொல்லியிருக்கு, வட்டி, சார்ஜ், மூணாவது ஆளுக்கு போற இன்சூரன்ஸ் பணம் வரைக்கும் எல்லாம் அதுல இருக்கணும், அதுல இல்லாத சார்ஜை உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம வாங்கக் கூடாது. உங்க மெயில்லயே அந்த தாள் பிடிஎஃப்பா இருக்கும், தேடுங்க. எனக்கு நீங்க அனுப்பினதுல அது இல்ல. அதுல அந்த 3,999உம் 530உம் இல்லன்னா உங்க கை ரொம்ப ஓங்கிடும். இருந்தா, "எனக்கு சொல்லவே இல்ல, ரத்து பண்ணி மீதி காலத்துக்கு பணத்தை குடுங்க"ன்னு எழுதிக் கேக்கலாம், முழுசும் வரும்னு நான் ஆசை காட்ட மாட்டேன்.

"நோ காஸ்ட்" பத்தியும் ஒரு வார்த்தை. ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ஆர்பிஐயே 2013ல பேங்குகளுக்கு எழுதியிருக்கு. உங்க ஃப்ரெண்ட் அதே ஃபோனை அதே வாரம் ரொக்கம் குடுத்து 38,999க்கு எடுத்தாருன்னு சொன்னீங்க இல்ல, அந்த மூவாயிரம்தான் உங்க வட்டி. விலையிலயே ஏத்தி முதல்லயே வாங்கிட்டாங்க.

இதனாலதான் உங்க வீட்டம்மா சொன்ன யோசனைக்கு நான் வேணாம்னு சொல்றேன், அவங்க மனசுக்கு கோடி நமஸ்காரம், ஆனா வேணாம். பாக்கி 11 இஎம்ஐ, 24,156 ரூபா. வட்டியை முதல்லயே கட்டிட்டதால இப்ப மொத்தமா அடைச்சா உங்களுக்கு மிச்சம்னு பெருசா ஒண்ணும் வராது, அதோட முன்கூட்டியே அடைக்கறதுக்கு ஃபோர்க்ளோஷர் சார்ஜ்னு ஒண்ணு வேற வாங்கலாம். தனி ஆளுக்கு அந்த சார்ஜ் வாங்கக் கூடாதுன்னு ஆர்பிஐ சொல்றது வட்டி ஏறி இறங்கற கடனுக்கு, உங்களோடது ஃபிக்சட். நாலு சதவீதம்னு வச்சாலே 966, அதுக்கு ஜிஎஸ்டி. இந்த பக்கம் மேல வட்டி ஓடாத கடனை அடைக்க, அந்த பக்கம் செயினுக்கு மாசாமாசம் வட்டி கட்டறதா? எங்கயாவது உண்டா இந்த கணக்கு? செயின் கழுத்துலயே இருக்கட்டும். ஒரு வேளை போனஸ் ஏதாவது வந்தா மட்டும், ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மென்ட் எழுத்துல கேளுங்க, அதுல வர்ற தொகை 24,156ஐ விட குறைவா இருந்தா அப்ப யோசிக்கலாம்.

ஃபோனை வித்துடலாமான்னும் ஒரு வரி எழுதியிருந்தீங்க. கடன் முடிஞ்சு, பாக்கி இல்லன்னு ஃபைனான்ஸ் கம்பெனி குடுக்கற என்ஓசி வராம விக்காதீங்க. இஎம்ஐ தவறினா ஃபோனையே லாக் பண்ற ஆப் சிலதுல இருக்கு, வாங்கினவன் உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பான்.

பவுன்ஸ் ஆனா என்ன ஆகும்

மேல சொன்னேனே, ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம்னு, அது இதுதான். நீங்க உங்க பேங்க் அக்கவுன்ட்லருந்து தானா எடுத்துக்க சம்மதம் குடுத்திருக்கீங்க. பணம் இல்லாம அது திரும்பினா, செக் பவுன்ஸுக்கு இருக்கற மாதிரியே 2007ஆம் வருஷத்து பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25ஆவது பிரிவுல கிரிமினல் கம்ப்ளெயின்ட் போட வழி இருக்கு. உடனே பயந்துடாதீங்க. அதுக்கு அவங்க 30 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் கையில கிடைச்சு 15 நாளைக்குள்ள நீங்க கட்டிட்டா கேஸே இல்ல. நீங்க ரெண்டே நாள்ல கட்டிட்டீங்க, அந்த விஷயம் முடிஞ்சுது. ஆனா நண்பர் பேச்சை கேட்டு வரிசையா நாலு மாசம் விட்டிருந்தீங்கன்னா, ஒரு நாள் தபால்காரர் ரெஜிஸ்தர் தபாலோட வந்திருப்பார், நீங்க அதை வாங்காம திருப்பி அனுப்பியிருப்பீங்க, அப்புறம் என்கிட்ட வந்திருப்பீங்க. அந்த மாதிரி ஆளுங்க என் ஆஃபீஸ் பெஞ்சுல நிறைய உக்காந்திருக்காங்க.

பவுன்ஸ் ஆனதுக்கு உண்மையான காரணம் உங்க லெட்டர்லயே இருக்கு, நீங்கதான் கவனிக்கல. சம்பளம் 7ஆம் தேதி, இஎம்ஐ 5ஆம் தேதி. மாசாமாசம் ரெண்டு நாளைக்கு யார்கிட்டயாவது கைமாத்து வாங்கித்தான் ஓட்டியிருக்கீங்க, போன மாசம் கிடைக்கல. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு தேதியை 10க்கு மாத்தி தரச் சொல்லி கேளுங்க, நிறைய கம்பெனில செய்யறாங்க. மாத்தலன்னா ஒரு தடவ பல்லைக் கடிச்சுட்டு ஒரு மாச இஎம்ஐயை அக்கவுன்ட்ல முன்கூட்டியே போட்டு வைங்க. நம்ம கடன் கணக்கை பதிஞ்சு வைக்கற சிபில்ல அந்த ரெண்டு நாள் லேட்டு ஏறியிருக்கான்னும் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் இலவசம், காசு கேக்கற ஆப்புக்கு போகாதீங்க.

அந்த ராத்திரி போன். இதுல மட்டும் நீங்க தலை குனிய வேண்டியதே இல்ல. கடன் வசூலுக்கு காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல ஆர்பிஐ திட்டவட்டமா சொல்லியிருக்கு, திட்டறது, மிரட்டறது, குடும்பத்து ஆளுங்க, சிநேகிதங்களை தொந்தரவு பண்றது எல்லாமே தடை. ஏஜென்சிக்காரன் பண்ணாலும் பொறுப்பு ஃபைனான்ஸ் கம்பெனிக்குத்தான். நைனா ஃபோன்ல அந்த கால் வந்த தேதி, நேரம், நம்பர் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கம்பெனியோட புகார் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலோ வந்த பதில் சரியில்லன்னாலோ புகாரை விசாரிக்கற ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைன்ல போடலாம், 14448ல கேட்டா சொல்லுவாங்க, ஃபீஸ் கிடையாது, என்னை மாதிரி வக்கீலும் தேவையில்ல. நைனாகிட்டயும் உக்காந்து சொல்லிடுங்க, அவரு ஊர்ல யார்கிட்டயும் வாங்கி ஏமாத்தாத மனுஷன்னு எழுதியிருந்தீங்க, அந்த ஒரு போன் அவரை எவ்ளோ குத்தியிருக்கும்னு எனக்கு புரியுது.

எங்க போய் கேக்கறது

"ட்ராய்ல கேஸ் போட்டுடறேன்"னு முடிச்சிருந்தீங்க. ட்ராய் தனி ஆளோட புகாரை எடுத்து விசாரிக்கறது கிடையாது, அது விதி போடற இடம். சிக்னல், பில்லு ரெண்டுக்கும் முதல்ல கம்பெனியோட 198, அதுல தீரலன்னா 30 நாளைக்குள்ள அதே கம்பெனியோட அப்பீல் அதிகாரி, அவரு 39 நாள்ல முடிக்கணும். அதுக்கும் மேல வேணும்னா நுகர்வோர் கமிஷன். முன்னாடியெல்லாம் டெலிபோன் விஷயம்னா நுகர்வோர் கோர்ட்ல எடுக்க மாட்டாங்க, 2009ல வந்த ஒரு தீர்ப்பை காட்டி திருப்பி அனுப்புவாங்க. 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் அந்த தடையை எடுத்துடுச்சு. இப்ப நம்ம சத்துவாச்சாரில இருக்கற மாவட்ட கமிஷன்லயே போடலாம், கம்பெனி ஹெட் ஆஃபீஸ் டெல்லில இருந்தாலும் மும்பைல இருந்தாலும் நீங்க இருக்கற மாவட்டத்துலயே போட சட்டம் இடம் குடுக்குது. அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ஆனா தம்பி, என் அபிப்ராயம் கேட்டா, சிக்னலுக்காக இப்ப கேஸ் போட வேணாம். போர்ட் பண்ணிட்டு போறது ஒரு வார வேலை, கேஸ் ஒரு வருஷம் இழுக்கும், நீங்க சிப்காட்ல ஒரு நாள் லீவு போட்டா எவ்ளோ போகும்னு உங்களுக்கு தெரியும். அந்த 4,529 ரூபாய்க்கு, அதாவது பிளானும் கார்டும், கம்பெனி கையை விரிச்சா அப்ப யோசிக்கலாம். அதுக்கு முன்னாடி 1915ன்னு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, அதுல பதிஞ்சாலே பாதி கம்பெனி இறங்கி வருது. இலவச சட்ட உதவி வேணும்னா 15100.

கடைசியா போர்ட் பண்றப்ப கவனிக்க வேண்டியது. இந்த மாச பில்லு வந்துடுச்சுன்னா அதை முழுசா கட்டி, கட்டின மெசேஜ் வந்தப்புறம்தான் 1900க்கு அனுப்புங்க, இல்லன்னா பாக்கின்னு ரிஜெக்ட் ஆகும். புது சிம் வேலை செய்ய ஒரே மாநிலத்துக்குள்ள மூணு வேலை நாள், அதுவரைக்கும் பழைய சிம்மை கழட்டாதீங்க. போனப்புறமும் பழைய கம்பெனிலருந்து, கடைசி பில்லுக்கு அப்புறம் ஓட்டின நாளுக்கு இன்னொரு பில்லு வரும், நூறோ இருநூறோ, அதை "நான்தான் போயிட்டேனே"ன்னு விட்டுடாதீங்க, அது கட்டலன்னா அவங்க சொல்லி புது கம்பெனிலயே உங்க லைனை கட் பண்ண வைக்க முடியும். ஃபேமிலி பிளான்ல உங்க நம்பர்தான் மெயின், அது மட்டும் போனா அம்மா நம்பர் தனியா தொங்கும், அதனால ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணுங்க. அம்மா நம்பருக்கு மெசேஜ் அம்மா ஃபோன்லருந்தேதான் போகணும், அந்த பட்டன் ஃபோனை கொஞ்ச நேரம் வாங்கி நீங்களே டைப் பண்ணி அனுப்புங்க, தண்ணி டேங்க் பக்கத்துல நின்னு.